ஆறரைக் கிலோ

பத்தொன்பது வருடம் சங்கத்துப் பேரேட்டில்
"நங்கூரம் ஒன்று, கயிற்றுடன், இழப்பு"
என்று எழுதியிருக்கிறேன்.
நீல மை. தலைப்புக்கு மட்டும் சிவப்பு.
எத்தனை இழந்தார்கள் என்று கேட்டால் சொல்வேன்.
எப்படி இழந்தார்கள் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது கடன் என் பெயரில்.
பதினெட்டரை அடி ஃபைபர் வள்ளம்,
யாரோ ஓடிக் களைத்த எஞ்சின்.
நண்டுக்கூடு போட எமில்டாவும் நானும் பங்கு.
"கரையில கணக்கு எழுதினவள்
கடலில என்னத்தை எழுதப் போறாள்?"
குருநகர்ச் சந்தியில் கேட்டவனுக்கு
இன்னும் பதில் சொல்லவில்லை.
தவணை மட்டும் கட்டுகிறேன்.

கஸ்தூரியார் வீதி இரும்புக்கடைக்காரர்
நாலைத் தூக்கி நிலத்தில் பரப்பினார்.
நகம் விரித்தது ஒன்று.
கலப்பைக் கொழுப்போல ஒன்று.
இரண்டு தகட்டை மடித்துத் திறக்கிறது ஒன்று.
ஆகப் பாரமானதைத்தான்
நான் காலால் தட்டிப் பார்த்தேன்.
பாரமென்றால் நிற்கும் என்ற எண்ணம்.
நகைக்கடைப் பழக்கம்.

எமில்டா கேட்டது அவரையல்ல, என்னை:
"எங்க போடப் போறம்? அடி என்ன?"

அடி.
எனக்குக் கலியாணம் பேசியபோது
சாதகம் பார்த்தார்கள், சாதி பார்த்தார்கள்,
வங்கிப் புத்தகத்தின் கடைசிப் பக்கமும் பார்த்தார்கள்.
சேறோ கல்லோ என்று
ஒருவரும் ஈயக்குண்டு இறக்கிப் பார்க்கவில்லை.

"கல்லெண்டால் நகம் வேணும்,
பாருக்குள்ள சிக்கினால் விட்டிட்டுத்தான் வரவேணும்.
எங்கட பக்கம் சேறு, சாதாழை.
தகடுதான் பிடிக்கும்."
ஆறரைக் கிலோ போதுமாம்.
கூடவே ஒரு பாகம் சங்கிலி.
எதற்கு என்றேன்.
"இழுவை நிலத்தோட படுத்துக் கிடக்க."

முதல் நாள். மண்டைதீவுப் பக்கம்.
சோழகம் கிளம்பத் தொடங்கியிருந்தது.
காற்றுக்கு அணியத்தைத் திருப்பு,
எஞ்சினை நிற்பாட்டு,
எறியாதே, இறக்கு என்றாள்.
நான் எறிந்தேன்.
அழகாகத்தான் எறிந்தேன்.
சங்கிலி போனது.
வள்ளம் பின்னால் நழுவ நழுவ
வெள்ளை நைலோன் வளையம் வளையமாய்ப்
போய்க்கொண்டேயிருந்தது.
பிறகு அதன் வாலும் போனது.

மறுமுனையை நான் வள்ளத்தில் கட்டவில்லை.

எமில்டா ஒன்றும் சொல்லவில்லை.
காதிடுக்கில் இல்லாத பேனையை எடுத்துக்
காற்றில் எழுதினாள்:
நங்கூரம் ஒன்று, கயிற்றுடன்,
அதற்குமேல் முடியாமல்
வள்ளம் ஆட ஆடச் சிரித்தாள்.

பரவைக் கடல். இடுப்பளவுதான்.
சட்டையோடு இறங்கினேன்.
"காலைத் தூக்கி வைக்காத,
திருக்கை கிடக்கும், அரைச்சு அரைச்சு நட."
சேறு முழங்கால்வரை விழுங்கியது.
சாதாழைக்குள் பெருவிரலால் துழாவி
எனது இழப்பை நானே கண்டெடுத்தேன்.
பத்தொன்பது வருடத்தில்
அப்படி ஒரு பதிவு இல்லை.

இரண்டாம் தரம் முதலில் முடிச்சு.
அதை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தேன்.
அரைப் பாகத் தண்ணிக்கு
நாலு பாகம் கயிறு விட்டாள்.
இவ்வளவு எதற்கு, வீணல்லவா?
"இறுக்கிப் பிடிச்சால் கிளம்பி வந்திடும்.
விட்டால்தான் படுக்கும்.
பிடிக்கிறது பாரமில்லையடி, சரிவு."

யாகப்பர் கோயில் சிலுவையும்
பின்னாலுள்ள ரெலிகொம் கோபுரமும்
ஒன்றை ஒன்று மறைத்தபடி நிற்கவேண்டும்.
விலகினால் நாங்கள் இழுபடுகிறோம்.
கழுத்து நோக நோகப் பார்த்தேன்.
வள்ளம் சும்மா நிற்கவில்லை,
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையாட்டியது.
"அது பிழையில்ல" என்று
போத்தல் மூடியில் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.
சீனி கூட.

எடுக்கும்போது நேர் மேலே வந்து
செங்குத்தாய் இழுத்தோம்.
சேறு ஒருதரம் விக்கி, விட்டது.
தகட்டிடுக்கில் ஒரு பிடி கருஞ்சேறு,
அதற்குள் விரல்நகமளவு நண்டொன்று
இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

கழுவமுன் அந்தச் சேற்றை மணந்து பார்த்தேன்.
எமில்டா எஞ்சின் கயிற்றை இழுத்தாள்.
மூன்றாம் இழுவையில் பிடித்தது.